லைனோடைப் மாடல் 31: பாகம் பாகமாகப் பார்த்த ஒரு விமர்சனம்

அச்சுக்கான வரிகளை ஈயத்தில் வார்க்கும் பழைய லைனோடைப் இயந்திரம் வாங்க நினைப்பவர்கள் இன்றைக்கு அதிகம் இல்லை, ஆனால் இருக்கிறார்கள். வாங்கிய பிறகு அதன் பாகங்களை இன்றைய பொருள்களில் செய்து போட்டு இன்னும் நன்றாக ஓட்டலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இது இரண்டு தரப்புக்கும் சேர்த்து எழுதுவது. எனக்குத் தொழில் இயந்திர வடிவமைப்பு. வார இறுதிகளில் இங்கே பென்சில்வேனியாவில் ஈய எழுத்தில் அச்சடிக்கும் சிறிய லெட்டர்பிரஸ் அச்சகம் ஒன்றில் வேலை செய்கிறேன். அங்கே ஓடுவது 1930களின் நடுவில் வந்த 'புளூ ஸ்ட்ரீக்' வரிசையைச் சேர்ந்த மாடல் 31. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாக வாங்கலாம், இத்தனை பொறுமையாகத் திருத்தித் திருத்திச் செய்த இயந்திரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் எந்தத் திருத்தம் எதற்காக வந்தது என்று புரிந்துகொள்ளாமல் யாரும் இதன் பாகங்களில் கை வைக்க வேண்டாம்.

இயந்திரத்தைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. கையால் அச்சுக் கோர்க்கும் கம்பாசிட்டர் கேஸ் என்ற பெட்டியிலிருந்து ஈய எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டிக்கில் அடுக்குவார், அச்சடித்து முடிந்ததும் ஒவ்வொன்றாகப் பிரித்துத் திரும்பக் கேஸில் போடுவார். லைனோடைப் எழுத்தை அடுக்குவதில்லை, எழுத்தை வார்க்கும் பித்தளை அச்சை அடுக்குகிறது. அதற்கு மேட்ரிக்ஸ் என்று பெயர். விசையைத் தட்டினால் மேலே சாய்வாகக் கிடக்கும் மேகஸினிலிருந்து ஒரு மேட்ரிக்ஸ் விழுந்து வரிசையில் வந்து நிற்கும். வரி நிரம்பியதும் பக்கத்திலுள்ள கைப்பிடியை அழுத்தினால் வரிசை மொத்தமும் மேலேறி, வார்ப்புச் சக்கரத்துக்கு எதிரே போய் இறங்கும், பின்னாலிருந்து உருகிய ஈயம் பாயும், முழு வரியும் ஒரே கட்டியாக வெளியே விழும். அந்தக் கட்டிதான் ஸ்லக். மேட்ரிக்ஸ்கள் மேலே தூக்கிச் செல்லப்பட்டு அதனதன் தடத்தில் தாமாகவே போய் விழுந்துவிடும், அடுத்த வரிக்குத் தயார்.

இதைச் செய்தவர் ஒட்மார் மெர்கன்தாலர். ஜெர்மனியில் கடிகார வேலை பழகி, 1872-ல் அமெரிக்கா வந்து, பால்டிமோரில் பட்டறை வைத்தவர். 1886 ஜூலை 3 அன்று நியூயார்க் ட்ரிப்யூன் பத்திரிகை அலுவலகத்தில் இவருடைய இயந்திரம் வேலைக்கு வந்தது. அந்த முதல் இயந்திரத்தில் மேட்ரிக்ஸ்களைக் காற்றடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள், அதனால் அதற்கு 'புளோயர்' என்றே பெயர். 1890 வாக்கில் அவரே அதை அடியோடு மாற்றினார். மேகஸினைச் சாய்த்து வைத்தார், காற்றுக்குப் பதில் மேட்ரிக்ஸ் தன் எடையிலேயே விழுந்து பெல்ட்டில் ஏறியது. நாம் இன்றைக்கு லைனோடைப் என்று பார்க்கும் உருவம் அங்கேதான் ஆரம்பம். அதற்கு முன்பே, 1888-ல், நிர்வாகத்தோடு ஒத்துப்போகாமல் அவர் நிறுவனத்தை விட்டு விலகியிருந்தார். விலகிய பிறகும் இந்த இயந்திரத்தைத் திருத்துவதை அவர் விடவில்லை. 1899-ல் காசநோயில் இறந்தபோது வயது 45.

சரி, பாகங்களுக்கு வருகிறேன்.

என் கணக்கில் இந்த இயந்திரத்தின் மிகச் சிறந்த பாகம் ஸ்பேஸ்பேண்டு. வரி இரண்டு பக்கமும் நேராக நிற்க வேண்டுமானால் சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் எல்லாம் ஒரே அளவில் விரிய வேண்டும். ஆப்பு அடித்து விரித்தால் போகிறது என்று எல்லோருக்கும் தோன்றும், ஆனால் ஒற்றை ஆப்பின் இரண்டு பக்கங்களும் இணையாக இருக்காது. பக்கத்து மேட்ரிக்ஸ் சாயும், சாய்ந்தால் இடுக்கு விழும், இடுக்கில் ஈயம் புகும். இதற்கு வந்த விடை இரட்டை ஆப்பு. நீளமான ஆப்பு ஒன்று, அதன்மேல் எதிர்ச் சாய்வில் குட்டையான உறை ஒன்று. நீள ஆப்பைக் கீழிருந்து மேலே தள்ளத் தள்ள மொத்தத் தடிமன் கூடும், ஆனால் வெளிப்பக்கம் இரண்டும் எப்போதும் இணையாகவே இருக்கும். வரியில் எத்தனை ஸ்பேஸ்பேண்டு இருந்தாலும் அடியில் ஒரே சட்டம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தள்ளுகிறது, எந்தக் கணக்கும் போடாமல் வரி நிரம்பிவிடுகிறது. இந்த யோசனை மெர்கன்தாலருடையது இல்லை, ஷக்கர்ஸ் என்பவருடைய காப்புரிமை. அது ஜான் ரோஜர்ஸின் டைப்போகிராஃப் நிறுவனத்திடம் இருந்தது. வழக்காடிப் பார்த்துவிட்டு 1895-ல் மெர்கன்தாலர் நிறுவனம் ரோஜர்ஸின் நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது. கைக்குள் அடங்கும் ஒரு பாகத்துக்காக ஒரு நிறுவனம்! ரோஜர்ஸும் கூடவே வந்து, பிறகு இந்த இயந்திரத்தைத் திருத்தும் வேலையில்தான் இருந்தார்.

ஸ்பேஸ்பேண்டுக்கு ஒரு குறை உண்டு, அது பராமரிப்பில். ஒவ்வொரு வார்ப்பிலும் உருகிய ஈயம் அதன் உறையைத் தொடுகிறது. கிராஃபைட் போட்டுத் தேய்த்துத் துடைக்காமல் விட்டால் வார்ப்பு நடக்கும் இடத்தில் ஈயத் துகள் படியும், அடுத்த முறை வரியை இறுக்கும்போது அந்தத் துகள் பக்கத்து மேட்ரிக்ஸின் மெல்லிய சுவரை நசுக்கும், நசுங்கிய சுவர் வழியாக ஈயம் கசிந்து, அச்சில் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மயிரிழை போலக் கோடு விழும். மேட்ரிக்ஸ் ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான், சரிசெய்ய வழி இல்லை. அந்தக் காலத்து ஆபரேட்டர்கள் ஷிஃப்ட் தோறும் ஸ்பேஸ்பேண்டுகளை வெளியே எடுத்து, மரப்பலகையில் கிராஃபைட் தூவி அதன்மேல் தேய்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். நானும் அப்படியே செய்கிறேன். இதற்குப் பதிலாகத் தெளிக்கும் எண்ணெய், சிலிகோன் என்று எதையும் அடிக்க வேண்டாம். எண்ணெய் மேட்ரிக்ஸோடு மேகஸினுக்குள் போனால் தடமெல்லாம் பிசுபிசுத்து எழுத்து விழாமல் நின்றுவிடும்.

அடுத்து மேட்ரிக்ஸ், அதைத் திருப்பிச் சேர்க்கும் அமைப்பு. ஒவ்வொரு மேட்ரிக்ஸின் தலையிலும் V வடிவ வெட்டு, அதன் இரண்டு பக்கமும் ஏழு பற்கள் வரை இருக்கும் இடம். எழுத்துக்கு எழுத்து சில பற்கள் இருக்கும், சில இருக்காது. மேலே குறுக்கே ஓடும் சட்டத்தில் பற்களைத் தாங்கும் ஏழு வரைகள், அதாவது நீள விளிம்புகள். மூன்று திருகுகள் மேட்ரிக்ஸை அந்தச் சட்டத்தில் தொங்கவிட்டு நகர்த்திக்கொண்டே போகும். தன் பற்களைத் தாங்கும் வரைகள் எந்த இடத்தில் முடிகின்றனவோ அங்கே மேட்ரிக்ஸ் கீழே விழும், அதன் தடம் நேர் கீழே காத்திருக்கும். ஏழு பற்கள், இருக்கிறது அல்லது இல்லை. இன்றைக்கு நாம் ஏழு பிட் என்று சொல்வதை 19-ஆம் நூற்றாண்டில் பித்தளையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏழு பல்லும் முழுதாக உள்ள மேட்ரிக்ஸ் எந்தத் தடத்திலும் விழாமல் கடைசி வரை போய்த் தனிப்பெட்டியில் சேரும். அபூர்வமான குறியீடுகளுக்கு அதுதான் ஏற்பாடு. ஸ்பேஸ்பேண்டுக்குப் பல்லே கிடையாது, அதனால் மேலே தூக்கும் கை அதைப் பிடிக்காமல் விட்டுவிட்டுப் போகும், அது தன் பெட்டிக்குத் தனியாகத் திரும்பும். தனியாகப் பிரிக்க ஒரு பாகம் வைக்காமலே பிரித்துவிட்டார்கள் பாருங்கள், எனக்கு இது எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

இந்த மேட்ரிக்ஸ்களை ஆயிரக்கணக்கில் அடிக்க, எழுத்து வடிவத்தைப் பித்தளையில் பதிக்கும் எஃகுப் பொறி (பஞ்ச்) வேண்டும். பொறிகள் தேயும், உடையும், கையால் வெட்டித் தீராது. மில்வாக்கியில் லின் பாய்ட் பென்டன் 1885-ல் காப்புரிமை வாங்கிய பொறி வெட்டும் இயந்திரம் இல்லாவிட்டால் லைனோடைப் வியாபாரமாக நின்றிருக்காது. இயந்திரத்தைப் புகழ்கிற பலரும் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இனிமேல் சொல்வதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். லைனோடைப்பில் வந்த திருத்தங்களில் எனக்கு மிகவும் பெரியதாகத் தெரிவது வேகம் கூட்டியவை அல்ல. ஏதோ தவறு என்றால் இயந்திரம் வேலை செய்ய மறுக்கிற பாகங்கள்தான் பெரியவை.

வரி போதிய அளவு நிரம்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுக்கு இருக்கிறது. இந்த நிலையில் ஈயத்தைத் தள்ளும் பம்ப் இறங்கினால் உருகிய ஈயம் இடுக்கு வழியே பீச்சியடிக்கும், மேட்ரிக்ஸும் சக்கரமும் ஈயத்தில் மூழ்கும், ஆபரேட்டர் கையும் தப்பாது. இதைத் தடுக்க வரியின் வலது பக்கத் தாடையையே காவலாக வைத்திருக்கிறார்கள். ஸ்பேஸ்பேண்டுகள் விரிந்து வரி இறுகினால் அந்தத் தாடை துளி நகரும். நகர்ந்தால்தான் பம்பைத் தடுத்து நிற்கும் லீவர் விலகும். நகராவிட்டால் பம்ப் இறங்காது, ஸ்லக் வராது, வரி அப்படியே கலைந்து மேலே போய்விடும். வரி சரியாக இருக்கிறதா என்று அளக்கத் தனியாக ஒரு கருவி வைக்கவில்லை. சரியாக இருக்கும் வரியே தன் பலத்தால் கதவைத் திறந்துகொள்கிறது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, வரி அளவுக்கு மேல் நிரம்பிவிடுவது. அப்போது வரியைத் தாங்கிவரும் எலிவேட்டர் முழுதாகக் கீழே உட்காராது. அந்த நிலையில் வார்ப்புச் சக்கரம் முன்னே வந்தால் மேட்ரிக்ஸின் காதுகளை, அதாவது ஓரத்தில் நீட்டியிருக்கும் முனைகளை, வெட்டிவிடும். எலிவேட்டர் முழுதாக இறங்கினால்தான் கீழே ஒரு தடுப்பு விலகும். விலகவில்லையென்றால் முன்னே வரும் சக்கரமே அந்தத் தடுப்பைத் தள்ளி, தன் கிளட்சைத் தானே விடுவித்துக்கொண்டு நின்றுவிடும். மேலே திருகுகளிலும் இதே கதைதான்: வளைந்த மேட்ரிக்ஸ் ஒன்று தடத்தின் வாயில் சிக்கினால் திருகுகள் மட்டும் தனியாக நிற்கும்.

இதெல்லாம் சாத்தியமானதற்குக் காரணம் அடிப்படை வடிவமைப்பில் எடுத்த ஒரு முடிவு. சுழலும் பெரிய அச்சில் வரிசையாக இருக்கும் கேம்களை (ஒழுங்கற்ற விளிம்புள்ள சக்கரங்களை) பார்த்தால் அவைதான் எல்லாவற்றையும் அழுத்தி வேலை வாங்குகின்றன என்று தோன்றும். பல அசைவுகளில் அப்படி இல்லை. எலிவேட்டர் தன் எடையில் இறங்குகிறது, கேம் அதை இறங்க விடுகிறது, பிறகு தூக்குகிறது. ஸ்பேஸ்பேண்டைத் தள்ளுவது ஸ்பிரிங், வரியை வார்ப்புப் பக்கம் இழுத்துப்போவதும் ஸ்பிரிங். கேமின் வேலை அவிழ்த்துவிடுவதும் திரும்ப மடக்கி வைப்பதும். ஆபத்தான இடங்களில் மோட்டாரின் பலம் நேராகப் போய்ச் சேராத மாதிரி நடுவில் ஸ்பிரிங்கையும் எடையையும் வைத்திருக்கிறார்கள். சிக்கினால் ஸ்பிரிங் அங்கேயே நிற்கும், அதற்கு மேல் அழுத்த அதனிடம் பலம் இல்லை. மோட்டாரிலிருந்து பலம் வரும் இடத்திலும் தோல் பதித்த கிளட்ச், சுமை மீறினால் வழுக்கும்.

இங்கேதான் இன்றைய 'மேம்பாடுகள்' சிலவற்றின் மேல் எனக்கு வருத்தம். தோலுக்குப் பதில் பிடிமானம் அதிகமான நவீனப் பொருளை ஒட்டிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் தோலில் குங்கிலியம் தடவுகிறார்கள். கிளட்ச் வழுக்காது, இயந்திரம் சுறுசுறுப்பாகத் தெரியும். அடுத்த சிக்கலில் எங்கேயோ ஒரு வார்ப்பிரும்புக் கை முறியும். வழுக்குவது அந்தப் பாகத்தின் கடமை, குறை இல்லை. தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றும்போதும் இதே எச்சரிக்கை. இன்னும் தடிமனான கம்பியில் செய்து போடலாம் என்று தோன்றும், போட வேண்டாம். எங்கள் அச்சகத்துக்கு ஒரு விற்பனையாளரிடமிருந்து வந்த ஸ்பிரிங் தொகுதி அசலைவிட விறைப்பாக இருந்தது, சரியாக நிரம்பிய வரிகள்கூட இறுக்கத்தில் மேட்ரிக்ஸைக் கடித்தன. பழைய அளவைக் கொடுத்து உள்ளூர்ப் பட்டறையில் செய்த பிறகுதான் நிம்மதி.

மாற்ற வேண்டிய பாகங்களும் இருக்கின்றன, தாராளமாக மாற்றுங்கள். விசைப்பலகைக்கு அடியில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ரப்பர் உருளைகள் முதலாவது. விசையைத் தொட்டால் ஒரு சிறு கேம் அந்த உருளைமேல் விழும், உருளை அதைச் சுற்றிவிடும், அந்தச் சுற்றில்தான் மேட்ரிக்ஸை விடும் கம்பி மேலேறும். விரலுக்கு வேலையே இல்லை, தொட்டால் போதும். தட்டச்சு இயந்திரத்தில் அடித்துப் பழகியவர்களுக்கு இந்த மென்மை ஆச்சரியமாக இருக்கும். பழைய ரப்பர் இறுகிப் பளபளத்துப்போனால் கேம் வழுக்கும், எழுத்து வராது அல்லது தாமதமாக வந்து இடம் மாறும். இந்த உருளைக்குப் பாலியூரிதேன் நன்றாகவே பொருந்துகிறது, சூட்டுக்கும் எண்ணெய்க்கும் ரப்பரைவிடத் தாக்குப்பிடிக்கிறது. இரண்டாவது, மேட்ரிக்ஸ்களை வரிசையில் தள்ளும் நட்சத்திரச் சக்கரம். ஃபைபரில் செய்த சின்னஞ்சிறு சக்கரம், முனை தேய்ந்தால் எழுத்துகள் முன்பின்னாக வந்து நிற்கும். இதை நாங்கள் பாலியூரிதேனில் வார்த்துப் போட்டிருக்கிறோம், நன்றாக ஓடுகிறது. ஆனால் உலோகத்தில் செய்யாதீர்கள். தேய வேண்டியது சக்கரம், மேட்ரிக்ஸ் இல்லை.

ஈயத்தொட்டியில் வந்த திருத்தம் முழுவதும் நல்லது. காஸ் அடுப்புக்குப் பதில் மின்சூடும் தெர்மோஸ்டாட்டும். ஈயத்தோடு சுமார் 12 விழுக்காடு அன்டிமனி, 4 விழுக்காடு வெள்ளீயம் சேர்ந்த கலவை 240 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் உருகும், தொட்டியை 285 டிகிரி வாக்கில் வைக்க வேண்டும். குறைந்தால் எழுத்து முகம் மொக்கையாக வரும், கூடினால் ஸ்லக்கின் உள்ளே பொந்து விழும். தெர்மோஸ்டாட் உள்ள தொட்டியோடு வரும் இயந்திரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். தொட்டியில் ஈயத்தைத் தள்ளும் பிளஞ்சரைச் சுத்தம் செய்யும்போது மட்டும் வெளியே எடுத்துப்போய்ச் செய்யுங்கள், அந்தத் தூள் ஈயத் தூள்.

மேகஸினைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மாடல் 31-க்கு நியாயம் செய்ததாகாது. ஆரம்ப மாடலில் எழுத்து வகையை மாற்ற மேகஸினைப் பின்பக்கமிருந்து இறக்க வேண்டும், அதன் கனத்துக்கு அது முதுகை முறிக்கும் வேலை. 1906-ல் வந்த மாடல் 5-ல் முன்பக்கமிருந்தே எடுக்கலாம். 1911-ன் மாடல் 8-ல் மூன்று மேகஸின்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. மாடல் 31-ல் நான்கு, கைப்பிடியைச் சுற்றினால் வேண்டியது இறங்கி வந்து நிற்கும். ஒரு மேகஸினில் 90 தடங்கள், ஒரே மேட்ரிக்ஸில் மேலும் கீழுமாக இரண்டு எழுத்து முகங்கள், ஆகவே சாதாரண எழுத்தும் சாய்வெழுத்தும் ஒரே மேகஸினிலிருந்து வரும். தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு கேள்வி வரும். நம் உயிர்மெய்யில் இகர, ஈகார, உகர, ஊகார வடிவங்கள் மட்டுமே 72. அகர மெய்யும் புள்ளி மெய்யும் சேர்த்தால் 108. உயிரெழுத்தும் கொம்பும் காலும் எண்ணும் இன்னும் சேரவில்லை. 26 எழுத்துக்காரர்களின் கணக்கில் பிறந்த 90 தடத்துக்குள் தமிழை அடக்க இந்த இரண்டு முகங்களையும் கசக்கிப் பிழிய வேண்டியிருக்கும். அந்த வகையில் எழுத்தைத் தனித்தனியாக வார்க்கும் மோனோடைப் நமக்கு இன்னும் இசைவானது, அதன் அச்சுச் சட்டத்தில் 225 இடங்களில் தொடங்கிப் பின்னாளில் 272 வரை வந்தது. தவிர, மோனோடைப்பில் ஒரு எழுத்து தவறினால் அதை மட்டும் மாற்றலாம், லைனோடைப்பில் ஒரு காற்புள்ளிக்காக முழு வரியையும் மறுபடி வார்க்க வேண்டும். இது கடைசி வரை தீராத குறை.

வேகத்துக்காக வந்த மாடல்களைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். காகித நாடாவில் துளையிட்டு இயக்கும் முறை வந்த பிறகு, 1950-ல் வந்த காமெட் நிமிடத்துக்கு 12 வரி வார்த்தது, சாதாரண இயந்திரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பத்திரிகைகளுக்கு அது தேவையாக இருந்தது. நமக்கு வேண்டாம். வேகம் கூடினால் வார்ப்புச் சக்கரத்துக்குக் குளிர்விப்பு, கூடுதல் தேய்மானம் என்று வேலை பெருகிக்கொண்டே போகும். நியூயார்க் டைம்ஸ் 1978 ஜூலைத் தொடக்கத்தோடு இந்த இயந்திரங்களை நிறுத்திவிட்டது. அன்றைக்கு அவசரம் முடிந்தது, இன்று நிதானமாக நல்ல ஸ்லக் வார்க்கும் மாடல்தான் நமக்குப் பயன்.

மெர்கன்தாலரின் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியான பிறகு 1913-ல் சந்தைக்கு வந்த போட்டி இயந்திரமான இன்டர்டைப்பையும் பார்க்கலாம். மேட்ரிக்ஸ்கள் இரண்டுக்கும் பொதுவாக ஓடும். ஒரு மாடலின் பாகத்தை அடுத்த மாடலிலும் போடலாம் என்ற ஒழுங்கில் இன்டர்டைப் ஒரு படி மேல் என்று எனக்குப் படுகிறது. உதிரிபாகத்துக்காகப் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கிப் பிரிக்கப்போகிறவர்களுக்கு அது நல்ல தேர்வு.

வாங்கப் போகும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். ஸ்பேஸ்பேண்டு ஒன்றை வெளியே எடுத்து உறையைத் தடவிப் பாருங்கள். மேட்ரிக்ஸ்களில் அதிகம் ஓடிய e, a, n எழுத்துகளின் சுவரை லென்ஸ் வைத்துப் பாருங்கள். விற்பவரை ஒரு வரி வார்க்கச் சொல்லி, பிறகு வேண்டுமென்றே குறைவாக நிரம்பிய வரி ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தாலும் நீங்கள் தள்ளி நில்லுங்கள். பம்ப் இறங்காமல் வரி வெறுமனே திரும்பிப் போனால் அந்த இயந்திரத்தை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், விலை பேசலாம். சோதிக்க வேண்டாம் என்று அவர் தயங்கினால் பழுது பார்க்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு டன்னுக்கு மேல் எடை, தளம் தாங்குமா என்று முன்பே பார்த்துவிடுங்கள். மேகஸின்களையும் மேட்ரிக்ஸ்களையும் இயந்திரத்தோடு சேர்த்தே கேளுங்கள், பின்னால் தனியாகத் தேடினால் நல்ல நிலையில் உள்ள முழுத் தொகுதி கிடைப்பது கடினம்.